லவங்கத் தைலமும் மூன்றாவது ஓலையும்

"வேர்க்குருவா? ஐப்பசி மழை கொட்டுது, ராஜகிரி மலையே கண்ணுக்குத் தெரியல, இவ கழுத்துல மட்டும் வேர்க்குருவா? என் கண்ணு இன்னா அவிஞ்சா பூடுச்சு?"

"மெதுவா பேசு ஜோசப்பின். தெருவே கேக்குது."

"கேக்கட்டுமே! நாளைக்கு ஊரு கேக்கறதுக்கு இன்னிக்குத் தெரு கேட்டா தேவலை."

"வேர்க்குருன்னு யாரு சொன்னா? கவரிங் செயின் உரசினது அது."

"இப்பத்தானே வேர்க்குருன்ன? வாய் மூடறதுக்குள்ள செயினா மாறிப்போச்சா?"

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து வீடு என்பதால் எனக்குக் கொஞ்சம் நன்றாகவே கேட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற மண்சுவர் குள்ளம். உரல்மேல் ஏறி நின்றால் பேசுகிறவர்களின் முகமும் தெரியும். உரலில் மாவு இல்லாத நேரம் பார்த்து அவர்கள் சண்டை போட்டது என் தப்பில்லை.

ஜோசப்பின், மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளை காஸ்பருக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. அம்மா அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்தவள் என்பதால் அவன் தலைமுடியை எந்தப் பக்கம் வாருவது என்பது வரைக்கும் அவள் சொல்வதுதான் சட்டம். அன்றைக்கு ரவிக்கைக்கு அளவு எடுக்கிறேன் என்று வந்தவள், பெண் லில்லியின் பின்னலை ஒதுக்கிவிட்டுக் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டாள். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் செதில் உதிர்ந்துகொண்டு ஒரு திட்டு.

அது படர்தாமரை. எனக்கும் தெரியும், கத்துகிற ஜோசப்பினுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். சோப்பு கிடைக்கவில்லை, துணி காயவில்லை. அந்த மழையில் எங்கள் தெருவில் பாதிப்பேர் இடுப்பைச் சொறிந்துகொண்டுதான் பேசினோம். இடுப்பில் இருந்தால் அதற்குப் பெயர் அரிப்பு. கல்யாணப் பெண்ணின் கழுத்தில் இருந்தால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். ஜோசப்பின் அந்தப் பெயரை வைத்தாள்.

"எங்க ஊர்ல ஒருத்திக்கு இப்படித்தான் ஒரு திட்டா ஆரம்பிச்சுது. இப்போ அவளுக்கு விரலே இல்ல."

"அடிப்பாவி, குஷ்டம்னா சொல்ற என் பொண்ண?"

"நான் சொல்லலியே. நீதான் சொன்ன."

அங்கேதான் பாக்கியம், அதாவது லில்லியின் அம்மா, ஒரு வார்த்தையை விட்டாள். "அந்தோணியார் மேல ஆணையாச் சொல்றேன், மருந்துன்னு ஒரு சொட்டு இவ கழுத்துல பட்டதில்ல. படவும் தேவையில்ல. நோவு இருந்தாத்தானே மருந்து!"

"சரி. அப்போ கம்பவுண்டரை வெச்சுப் பாத்துடலாம். மூணாவது ஓலைக்கு மொதநாள். ஒண்ணுமில்லன்னு அவரு சொல்லட்டும், உன் கால்ல விழுந்து பொண்ணு கேக்கறேன். இல்லாட்டிப் போனா சாமியார் ஓலை வாசிக்கறப்ப நானே எழுந்து நிப்பேன்."

இந்த ஓலை விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, இதில் விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சாமியார் வாசிப்பார். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. நமக்கு மார்கழி மாதிரி அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு வாரம் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடிக்காவிட்டால் தை மாதம் வரை போகும். அதுவரைக்கும் ஜோசப்பின் வாயைக் கட்டிவைக்க எந்தச் சாமியாராலும் ஆகாது. அந்தப் பெயர் ஊரில் ஒருதரம் விழுந்துவிட்டால் லில்லிக்கு இந்த மாப்பிள்ளை மட்டுமில்லை, எந்த மாப்பிள்ளையும் இல்லை. அவள் அப்பா அமிர்தசாமிக்கோ இரண்டு எருமைதான் சொத்து. குஷ்டம் என்று சொல்லப்பட்ட வீட்டிலிருந்து யார் பால் வாங்குவார்கள்?

இரண்டு நாளில் வந்த அமாவாசைக்குப் பாக்கியம் மேல்மலையனூர் போனாள். அந்தோணியாரைக் கும்பிடுகிறவளுக்கு அங்காளம்மன் கோயிலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அமாவாசைக் கூட்டத்தில்தான் தனகோட்டி கடை போடுவான். மரப்பெட்டி நிறையக் குப்பிகள்: ஓமத் தைலம், புல் தைலம், நீலகிரி, லவங்கம். இங்கே செஞ்சிக் கடைத்தெருவில் வாங்கினால் வாங்கின கை வீடு திரும்பும் முன்னே சேதி ஜோசப்பினுக்குப் போய்விடும். அங்கே லட்சம் பேர் நடுவில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடின அதே பஸ்ஸில்தான் நானும் போயிருந்தேன், சாமி கும்பிட.

"படர்தாமரைக்கு லவங்கத் தைலம்தாம்மா. அந்தப் பூஞ்சைய வேரோட அறுத்துடும்" என்றான் தனகோட்டி. "ஆனா சும்மா பூசாத. உள்ளங்கை தேங்காண்ணெயில நாலு சொட்டு வுட்டுக் கலக்கிப் பூசு."

"கலக்கியா?"

"கலக்கித்தான். சுத்தத் தைலம் பட்டா தோலு வெந்துடும்."

பாக்கியம் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானைக்குள் குப்பியைப் பிடித்துக்கொண்டு, "கலக்கணுமாமே, கலக்கி" என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். இருபது வருஷம் பால் வியாபாரம் பண்ணினவள். கலப்பது என்றால் எதற்குக் கலப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவள் பாலில் எவ்வளவு தண்ணீர் என்பது எங்கள் வீட்டு மோருக்குத் தெரியும். நல்ல சரக்கைத் தன் பெண்ணுக்கு நீர்க்கவிட்டுப் பூசுவாளா அவள்?

பூசினாள், கலக்காமல். பூசுவதற்கு முன்னால் தேங்காய் நாரால் அந்தத் திட்டைத் தேய்த்துச் சிவக்க வைத்தாள், மருந்து உள்ளே இறங்க வேண்டுமே. கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள். ஆனால் வாசனைக்குக் கதவு ஏது? தினமும் விடியற்காலை அந்த வீட்டிலிருந்து பிரியாணி மணக்கும். லில்லி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்கும்.

"எரியுதும்மா."

"எரியட்டும். எரிஞ்சாத்தான் போவும்."

"கலக்கிப் பூசச் சொன்னாங்கன்னியே."

"அவன் விக்கறவன். நாலு நாளைக்கு ஒரு குப்பி வாங்க வெக்கறதுக்குச் சொல்லுவான். நீ வாய மூடு. மருந்து பூசறோம்னு யாருக்காவது தெரிஞ்சா நான் போட்ட ஆணை இன்னாவறது? ஜெபமாலையத் தொட்டுச் சொல்லு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

லில்லி ஜெபமாலையைத் தொட்டுச் சொன்னாள்.

ஒன்று சொல்ல வேண்டும்: தைலம் வேலை செய்தது. ஓரத்துத் தடிப்பு அடங்கிற்று, செதில் நின்றது, அரிப்பு நின்றது. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை லில்லி கோயிலுக்குப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. படர்தாமரை செத்துவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் தோல் வெந்து, உரிந்து, வெளுத்துப்போய் ஒரு தேமல் மாதிரி நின்றுகொண்டது. கறுத்த கழுத்தில் வெள்ளைத் திட்டு. பாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று நினைத்தாள்.

அதனால் கம்பவுண்டர் வருகிற சனிக்கிழமை காலையில் குப்பியில் மிச்சமிருந்ததை முழுசாகக் கழுத்தில் ஊற்றித் தேய்த்தாள். அரை மணி கழித்துச் சீயக்காய் போட்டுக் கழுவி, வாசனை தெரியாமல் இருக்கச் சந்தனம் இழைத்துத் தடவித் துடைத்து, பின்னல் போட்டு உட்கார வைத்தாள்.

கம்பவுண்டர் அரிகிருஷ்ணன் முன்னே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். காக்கிக் கால்சட்டையை விடவில்லை. கடைத்தெருவில் சொந்தமாக மருந்துக்கடை. எங்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். கையில் ஒரு கோழி இறகும் குண்டூசியும் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். ஜோசப்பின் இடுப்பில் கை வைத்து நின்றாள். நான் உரல்மேல் நின்றேன்.

லில்லியின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். "தொடற எடத்தைக் கையால காட்டணும், தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க."

இறகால் கன்னத்தில் தொட்டார். காட்டினாள். காதில், தோளில், முழங்கையில். எல்லாம் சரியாகக் காட்டினாள். பாக்கியம் முகத்தில் வெளிச்சம் வந்தது. பின்னலை ஒதுக்கி அந்த வெள்ளைத் திட்டில் தொட்டார்.

லில்லி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இன்னொருதரம் தொட்டார். பிறகு குண்டூசி. மெல்லக் குத்தினார், பிறகு கொஞ்சம் அழுத்தி. ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. லில்லி கேட்டாள்: "ஏங்க நிறுத்திட்டீங்க? இன்னும் தொடலியா?"

ஜோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள், ரொம்ப நிதானமாக.

"உணர்ச்சி இல்ல. வெளுத்தும் இருக்குது" என்றார் அரிகிருஷ்ணன். "அதுதான். சந்தேகமில்ல." கைகழுவத் தண்ணீர் கேட்டார். பாக்கியம் கொண்டுவந்த சொம்பை வாங்கவில்லை. "வேணாம், கடையில போய்க் கழுவிக்கறேன்."

அன்று சாயங்காலமே லில்லிக்குக் கழுத்து எரிய ஆரம்பித்தது. உணர்ச்சி திரும்பிவிட்டது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் அம்மாவிடம் சொல்கிறாள்: "பல்வலிக்கு லவங்கத் தைலம் வெச்சா ஈறு மரத்துப்போவுதே, அந்த மாதிரிம்மா. அப்ப மரத்துப்போயிருந்துச்சு. இப்பத் தொடு, தெரியுது. குத்து, வலிக்குது."

பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அமிர்தசாமி மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் எப்போதும் பேசாதவர். எருமைகளோடு இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டார் என்பார்கள்.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. பூசை முடிந்து கூட்டம் கலைகிறபோது நான் அந்த வழியாகக் கீரை வாங்கப் போனேன். லில்லி காஸ்பரை மடக்கிக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிறாள். விழுப்புரத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்தான், நனைந்து.

"காஸ்பர், இங்க பாரு. மருந்து பூசினதால மரத்துப்போச்சு. இப்பப் பாரு." சேலைத் தலைப்பிலிருந்து ஒரு ஊசியை எடுத்துத் தன் கழுத்தில் தானே குத்திக்கொண்டாள். முகம் சுளித்தாள். "வலிக்குது, பாத்தியா? ரத்தம் வருது."

"ஊசியக் கீழ போடு லில்லி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் குத்தறேன். நீ குத்திப்பாரு, நீயே குத்திப்பாரேன்."

அவன் சைக்கிள் மணியைப் பார்த்தான். "அக்கா சொல்றதுதான்" என்றான். அவன் வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒருத்தி, வலிக்கிற மாதிரி நன்றாக நடிக்கிறாள் என்றாள். மணி அடித்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

திங்கட்கிழமை பாக்கியம் மேல்மலையனூருக்கு ஓடினாள். தனகோட்டி அங்கேயே இருக்கிறவன். வந்து நாலு பேர் முன்னால் சொல்லு என்று கெஞ்சியிருக்கிறாள். "என் தைலம் பூசி குஷ்டம் வந்துதுன்னு நாளைக்குப் பேசுவாங்க. என்னை விட்டுடும்மா" என்று பெட்டியைச் சாத்திவிட்டான். ஆனால் ஒரு குப்பியைச் சும்மா கொடுத்து அனுப்பினான். அவனிடமும் கொஞ்சம் மனசாட்சி கலந்திருந்தது.

அந்தக் குப்பியோடு அவள் நேரே கம்பவுண்டர் கடைக்குப் போனாள். சந்தை நாள், கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. நானும் கொத்துமல்லிக்கட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

"டாக்டரய்யா, எல்லாரும் பாருங்க" என்று கூவினாள். இடது முழங்கைக்குக் கீழே தேங்காய் நாரால் பரபரவென்று தேய்த்தாள். தோல் சிவந்து கசிகிறவரை விடவில்லை. குப்பியைத் திறந்து ஊற்றினாள். கடைத்தெரு முழுக்க லவங்கம் மணத்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் கையை நீட்டியபடியே நின்றாள். "என் பொண்ணுக்கு இதத்தான் பூசினேன். அந்தோணியார் மேல பொய்யாணை போட்டேன். அந்தப் பாவம் எனக்கு. மருந்து பூசினேன், கலக்காமப் பூசினேன். கொஞ்ச நேரம் பொறுத்துக் குத்துங்க. குத்தறது எனக்கும் தெரியாது. பாருங்க."

அரிகிருஷ்ணன் வேண்டாம் என்று கையசைத்தார். கூட்டம் விடவில்லை. சந்தைக்கு வந்தவர்களுக்கு வேறென்ன வேடிக்கை? குத்துங்கய்யா, குத்துங்க என்றார்கள். அவள் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் குண்டூசியை எடுத்துக் குத்தினார். அவள் அசையவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார்.

"குத்திட்டீங்களா?" என்று திரும்பினாள். கையில் ரத்தம் இறங்குவதைப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. "பாத்தீங்களா! பாத்தீங்களா! தெரியல எனக்கு! ஒண்ணுமே தெரியல!"

ஒரு நொடி அவர் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். குப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சனிக்கிழமை சொன்னதைத் திங்கட்கிழமை மாற்றிச் சொல்கிற கம்பவுண்டரிடம் செவ்வாய்க்கிழமை யார் மருந்து வாங்குவார்கள்? ஊசியைக் கடை ஓரத்துச் சாக்கடையில் போட்டார்.

"அப்போ உனக்கும் இருக்குது" என்றார். "குடும்பத்துல பரவியிருக்குது."

கூட்டம் பின்னால் நகர்ந்தது. யாரும் ஓடவில்லை. ஆளுக்கு ஓரடி, இரண்டடி, அவ்வளவுதான். நடுவில் கையை நீட்டியபடி பாக்கியம் மட்டும் நின்றாள். நானும் நகர்ந்தேன்.

"இல்லய்யா, தைலம்யா, இது தைலம்..." குப்பியை யாராவது வாங்கிப் பூசிப் பாருங்கள் என்று ஒவ்வொருவராக நீட்டினாள். ஒருவர் கையும் நீளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அமிர்தசாமியின் பால் அப்படியே திரும்பி வந்தது. எல்லா வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். நாங்களும் வேறு இடத்தில் சொல்லியிருந்தோம். வேறு பாலில் தண்ணீர் இன்னும் அதிகம், அது வேறு விஷயம். அவர் பாலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு எருமைகளுக்கு வைக்கோல் போட்டார். தெருக்கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் பாக்கியம் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

லில்லியின் கதைதான் மோசம். அவள் ஊசியை விடவில்லை. வாசலில் யார் போனாலும் கூப்பிட்டு, பாருங்கள் வலிக்கிறது என்று குத்திக் காட்டுவாள். கீரைக்காரியிடம் காட்டினாள், தபால்காரரிடம் காட்டினாள். ஏற்கெனவே வெந்த தோல், அந்த மழைக்காலம். கழுத்துப் புண்ணாயிற்று, சீழ் கோத்தது. அதுவரைக்கும் சந்தேகமாகப் பார்த்தவர்களும் அதைப் பார்த்தபிறகு சந்தேகப்படவில்லை. குஷ்டம் என்றால் புண் வரும் என்று எல்லோருக்கும் தெரியுமே. ஒருநாள் சுவருக்கு இந்தப்பக்கம் என்னையும் கூப்பிட்டாள். "அக்கா, நீங்களாவது பாருங்கக்கா." பார்த்தேன். ரத்தமும் வந்தது, அவள் கண்ணில் தண்ணீரும் வந்தது. "தெரியுதுடி லில்லி, உனக்கு வலிக்குதுன்னு தெரியுது" என்றேன். "அப்போ தெருவுல சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். நாலு வீட்டில் சொன்னேன். என் வாயில் வந்தது எதையும் நம்புகிற தெரு, அந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கட்டை வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு அமிர்தசாமி போனார். வடக்கே எங்கேயோ கன்னிகாஸ்திரீகள் நடத்துகிற குஷ்டரோக ஆசிரமம். போகும்போது அவள் அழவில்லை. கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். அங்கே பார்த்த கன்னிகாஸ்திரீ அம்மா, இவளுக்கு நோயே இல்லை, புண்ணுக்குத்தான் மருந்து என்று சொன்னாராம். புண் ஆறியும் அவள் திரும்பவில்லை. எங்கே திரும்புவது? குஷ்டரோக ஆசிரமத்தில் இருந்து வந்தவள் என்பதற்கு மேல் செஞ்சியில் என்ன சாட்சி வேண்டும்?

காஸ்பருக்குத் தை மாதமே கல்யாணமாயிற்று. மண்டகப்பட்டில் ஒரு பெண். ஜோசப்பின் பார்த்து முடித்ததுதான். இப்போது மூன்று பிள்ளைகள், விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறார்கள். ஜோசப்பினும் அவர்களோடுதான், நாத்தனாரும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் எப்படி என்று கேட்டால், அந்தச் சண்டை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிறது என்கிறார்கள். அரிகிருஷ்ணன் கடையைப் பெரிசாக்கித் திண்டிவனம் போய்விட்டார். பாக்கியமும் அமிர்தசாமியும் எருமைகளை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போனார்கள். அவருக்கு அங்கே பஞ்சு மில்லில் வேலை. அந்த வீட்டில் இப்போது ஒரு மளிகைக்காரர் இருக்கிறார், சண்டையே போடாத குடும்பம்.

லில்லி அந்த ஆசிரமத்திலேயே சமையலுக்கு இருந்தாள். சுதந்திரம் வந்த வருஷம் அங்கே மேசை நாற்காலி செய்ய வந்த ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டாள். அருளானந்தம் என்று பெயர், முதல் தாரம் இறந்தவர். திருவண்ணாமலையில் இருக்கிறார்களாம். பாண்டிச்சேரியில் அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒருதரம் போவாளாம். நேர் ரோடு செஞ்சி வழியாகத்தான், பஸ்ஸும் இருக்கிறது. அவள் ரயிலில் விழுப்புரம் போய்ச் சுற்றிக்கொண்டு போகிறாளாம்.